இரண்டு தணிகைவேல்

வியாழன், ஆடி 9

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை வேலையில் நான்காவது நாள். மணவூர்க்காரி ஒருத்தி கேட்டாள்: "பாப்பா, எம் புருசன் தணிகைவேலு. நெஞ்சுவலின்னு நேத்து சேத்தோம். எப்பிடி கீறாரு?"

நோயாளிப் பட்டியல் ஆப்பில் பெயரைத் தேடி, முதலில் வந்ததைப் படித்தேன். "நல்லா இருக்காருங்க. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"முருகா!" என்று கும்பிட்டுவிட்டு வெளியே பழக்கடைக்குப் போனாள்.

பிறகுதான் பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன். நான் படித்தவர் வேறு ஊர். கீழே இன்னொரு தணிகைவேல், மணவூர். காலையில் இறந்திருந்தார்.

வரவேற்பில் கூட வேலை பார்க்கும் மூத்த அக்கா கத்தினாள்: "இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு தணிகைவேலு. ஊர் பாக்க மாட்டியா? நீதானே சொன்னே, நீயே போய் மாத்திச் சொல்லு."

போனேன். "நல்ல சேதி சொன்னே, இந்தா" என்று அவள் ஓர் ஆப்பிள் நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

யார் சொன்னார்களோ தெரியாது. அலறல் மட்டும் என் மேசை வரை கேட்டது.