கட்டர் விட்டுப்போன பலகை

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம், டொராண்டோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதை உன் அக்கா டைப் அடித்து அனுப்புகிறாள், உன் போன் வாசித்துக் காட்டுமாம், அந்தப் பொம்பளைக் குரலில் என் கடிதம் எப்படிக் கேட்குமோ, சிரிக்காதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனாலும் முருங்கைக்காய் வாங்கக் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

நம் மரப்பட்டறைக்குப் புது வேலை வந்திருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஸ்டேஷனிலிருந்து பள்ளி வாசல் வரை உள்ள வழியை மாடலாகச் செய்ய வேண்டும். ரோட்டுக்கு உப்புத்தாள் ஒட்டினேன், மேம்பாலம், மரம், பஸ் ஸ்டாப் எல்லாம் விரலுக்குத் தெரியும்படி செதுக்கினேன். அடியில் சென்சார் வைக்கிறவள் நம் ஜெயினுலாப்தீன் பாய் மகள் ஆஸியா. விரல் பட்டதும் இது இன்ன இடம் என்று அது பேசுகிறது. எனக்கு உன் ஏழு வயசுதான் ஞாபகம் வந்தது. அப்போது நம் சந்து முழுவதையும் ஒரு பலகையில் செய்து தந்தேனே, குழாயடிக்குத் தகர மூடி, நம் வாசலுக்குச் சாக்குத் துண்டு, ஒரே வாரத்தில் தடவித் தடவி மனப்பாடம் பண்ணினாய். உன் கை பட்ட இடமெல்லாம் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது. அசிங்கமாக இருக்குமே என்று, சந்தோரம் திறந்து கிடந்த சாக்கடையை, அந்தக் கட்டரை மட்டும் நான் விட்டுவிட்டேன். பலகையை நம்பித் தனியாக நடந்து கட்டரில் விழுந்தாய், முன்பல் உடைந்தது. வாயில் ரத்தத்தோடு, “எப்பா, ஒங்க பலகையில கட்டர் இல்லியே” என்று கேட்டாய். நீ அழக்கூட இல்லை, அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

இந்தத் தடவை வழியில் இருக்கிற கட்டரையும் விடாமல் செதுக்கியிருந்தேன். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து மாடலைப் பார்க்க வந்தவர்கள், திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வருவார்கள், இந்தக் கட்டர் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அதை எடுத்தால் மாடலே கிடையாது என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமே என்று உன் அம்மா பயந்தாள். நாலு நாள் கழித்துத்தான் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு என்னையே குரல் கொடுக்கச் சொன்னாள் ஆஸியா. “பைய வா மாரி, இங்கன கட்டர் இருக்கு” என்று வாய் தவறி உன் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி பேசுங்கள் மாமா என்றாள். அழிக்க வேண்டாம் என்றேன்.

டிசம்பரில் விழா, அதற்கு முன்னால் வந்து நீ தடவிப் பார்க்க வேண்டும், எதுவும் விட்டுப்போகவில்லை என்று நீ சொன்னால்தான் கொடுப்பேன். வெளியே போகும்போது காதை மூடிக் குல்லா போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள், நன்றாக இரு ராசா.

உன் அப்பா,
கணேசபாண்டியன்

மறந்துவிட்டேன். உன் பழைய பலகையைப் பரணிலிருந்து இறக்கி, இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கட்டரைச் செதுக்கிவிட்டேன். வரும்போது அதையும் ஒரு தடவை தொட்டுப் பார்.