தவிரா கோபுரத்திலிருந்து தெரிந்த சிவப்பு விரிப்புகள்

காதிஸ்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சாரோவுக்கு அம்மா எழுதுவது. ஜெபமாலை மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளை மத்தியாஸும் பேத்தி மார்த்தாவும் பிரெமனில் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை இன்னும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுகிறாரா, ரெண்டு துண்டு ரொட்டியாவது தின்னச் சொல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் மார்த்தா உன் தோளில் தொங்கிக்கொண்டு கேட்பாள், இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் கிறுக்குகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மார்த்தாவின் பள்ளிக்கூடம் காதிஸைச் சுற்றிப் பார்க்க வருகிறது, ஆனால் ஒரே பகல்தான், பிள்ளைகளைத் தனியாக விட மாட்டார்கள் என்று நீ சொன்னபோதே எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மத்தியானம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னதையும் சொன்னாய். நான்தான் வீறாப்பாக, சொந்தப் பேத்தியைப் பார்க்க லாட்டரிச் சீட்டு விற்கிறவள் மாதிரி பஸ் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றேன். தவிரா கோபுரத்துக்குப் போவார்கள் என்று தெரிந்ததும் நானே ஒரு திட்டம் போட்டேன். அங்கே உச்சியில் வைத்த கண்ணாடி வழியாக, இருட்டறையில் வெள்ளைத் தட்டின் மேல் சினிமா மாதிரி ஊரே உயிரோடு வந்து விழுமே, துணி காய்வதும் புறா பறப்பதும்கூடத் தெரியுமே. நம் மொட்டை மாடியில் சிவப்புக் கட்டில் விரிப்பைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று கையசைப்பேன், சிவப்பைத் தேடு கண்ணு என்று மார்த்தாவிடம் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மீன் சந்தை, ரொட்டிக் கடை, கோயில் வாசல் என்று ஓரிடம் விடாமல் அளந்தேன், ஜெர்மனியிலிருந்து என் பேத்தி வருகிறாள், கோபுரத்திலிருந்து என்னைத்தான் பார்க்கப் போகிறாள் என்று. எதிர்வீட்டு லோலி, "ஏன் ரெமேக்கா, ராணியம்மா தரிசனம் குடுக்கப் போறீங்களா, நாங்கல்லாம் மண்டி போடணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நம் தெருக்காரர்களை உனக்குத் தெரியாதா. நற்கருணைப் பவனி வந்தால் யாரும் சொல்லாமலே எல்லா பால்கனியிலும் விரிப்புத் தொங்கும், அதே புத்திதான் இதற்கும். அன்று காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிப் பார்க்கிறேன், சுற்றிலும் எல்லா மாடியிலும் சிவப்பு. கசாப்புக் கடை யூசேபியோ மேசைத் துணியைக் கட்டியிருக்கிறான், லோலி தன் கல்யாண விரிப்பையே எடுத்து மாட்டிவிட்டு, "உங்க பேத்தி எங்களுக்கும் பேத்திதானேக்கா, புள்ள வெறும் மாடியப் பாத்துட்டா போகணும்?" என்று அங்கிருந்து கத்துகிறாள். கிழக்குக் காற்று வேறு பேயாக அடித்தது. என் விரிப்பு சுருண்டு கொடிக்கம்பியில் மாட்டிக்கொண்டது, அதை அவிழ்க்கக் குனிந்தவள் நிமிரவே நேரமாகிவிட்டது. லோலியோ மஞ்சள் ஏப்ரனோடு இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மார்த்தா போன் செய்து மூச்சு விடாமல் பேசினாள். உன் பாட்டி எது என்று கோபுரத்துப் பெண் கேட்டாளாம், இவள் விரலை நீட்டிக் காட்டினாளாம், அந்தப் பெண் ஒரு காகிதத்தைத் தட்டின் மேல் நீட்டி அந்த உருவத்தை அப்படியே ஏந்தித் தூக்கினாளாம், வகுப்பே கைதட்டியதாம். "பாட்டி, நீங்க இத்துணூண்டா என் கைக்கிட்ட இருந்தீங்க! மஞ்சள் ஏப்ரன் போட்டுக்கிட்டு என்னமா குதிச்சீங்க! உங்களுக்கு முட்டி வலின்னு அம்மா சும்மா சொல்றாங்க" என்றாள். அவள் என்ன செய்வாள், போனில் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள், நான் நிற்பதையும் நடப்பதையும் எங்கே பார்த்தாள். அது லோலி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் கண்ணு, குதித்தேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் லோலியிடம் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் விட்டாளா, "பத்து நிமிஷம் பஸ்கிட்ட போய் நின்னிருந்தா கிரீடம் கீழ விழுந்திருக்குமாக்கா?" என்று கேட்டாள். பஸ் நின்ற இடம் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தானே. தொட்டுப் பார்த்திருக்கலாம் சாரோ, தலைமுடியையாவது கோதி விட்டிருக்கலாம். அடுப்பில் இறால் அடை வேகும்போதுகூட அந்தப் பத்து நிமிடம்தான் ஞாபகம் வருகிறது.

நீ வருஷா வருஷம் வா வா என்றாய், கடல் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று தட்டிக் கழித்தேன். அந்தப் பேச்சையெல்லாம் இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மார்த்தாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்கிறேன். லோலியின் மகன் டிக்கெட் எடுத்துத் தருகிறான், ஹெரெஸ் விமான நிலையம் வரை லோலி கூட வருவாள். விமானம் என்றால் எனக்குப் பயம்தான், இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு எத்தனை மாடி ஏற வேண்டும் என்று மறக்காமல் எழுது. கடிதத்தை மார்த்தா கண்ணில் படாமல் வை. நான் வந்து இறங்கும்போது யாரும் ஓடி வந்து கையைப் பிடிக்க வேண்டாம், நான் கம்பை ஊன்றி மெதுவாகத்தான் வருவேன், குழந்தை நின்று நன்றாகப் பார்க்கட்டும்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ரெமேதியோஸ்