நாய் குந்திய பை

12 நவம்பர் 1994, சனி

மொன்றியலிலிருந்து வந்து ரொறன்ரோ பஸ் நிலையத்தில் இறங்கியதும், பொலிஸ் நாயொன்று எங்கள் பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தது. ஒரு வயதான தமிழரின் பைக்கு முன்னால் குந்திவிட்டது. அப்படிக் குந்தினால் உள்ளே போதைப்பொருள் என்று அர்த்தமாம்.

பையைத் திறக்கலாமா என்று நாயைப் பிடித்திருந்த பொலிஸ்காரன் கேட்டான். அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பவள் நான். பேசாமல் நிற்க முடியவில்லை.

"அங்கிள், பையைத் திறக்கலாமோ எண்டு கேக்கிறார். விருப்பமில்லாட்டி இல்லையெண்டு சொல்லலாம்."

"பொலிசுக்கோ, பிள்ளை?"

"ஓம். இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொலிஸ்காரனிடம் திரும்பி "நோ" என்றார்.

பொலிஸ்காரனின் முகம் சிவந்தது. நாய் குந்தியதே தனக்குப் போதும் என்று சொல்லி, பையைத் தானே திறந்து நிலத்தில் கொட்டினான். கைநீளச் சேட்டுகள், பேத்திக்கு வாங்கிய கம்பளித் தொப்பி, மனைவியின் படம். வேறு எதுவுமில்லை. அவருடைய பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

நான் குனிந்து சேட்டுகளை மடித்துக் கொடுத்தேன்.

"அடுத்த மாசம் எனக்கு அகதி விசாரணை, பிள்ளை. நான் நோ சொன்னது அதிலை வருமோ?"

"வராது அங்கிள்" என்றேன், யோசிக்காமலே.

சட்டம் நான் சொன்னதுதான். ஆனால் பொலிஸ்காரன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. அந்த அங்கிளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் விசாரிப்பேன். "வரும்" என்று அவர் சொன்னால், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?