வடக்குக் கல்லோரம்

குட்டா, மணல் அள்ளும் கப்பல் வந்திருக்கிறது. அதன் குழாய் நம் வீட்டுக்குப் பின்னால் கறுத்த மணலைக் கக்குகிறது. கதவை அடைத்தாலும் நாற்றம் போகவில்லை. உன்னைக் கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது உன் தலைமுடியில் இருந்தது இதே நாற்றம்தான்.

துறைமுக வாசலின் இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளமாகக் கல் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை. தெற்கிலிருந்து ஒழுகி வரும் மணல் கல்லில் தட்டி நிற்கும். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் வந்து அடையும். கடல் ஏறுகிற ஏற்றம் அதை உள்ளே தள்ளும், இறங்குகிற வற்றம் வெளியே இழுக்கும். நேற்று ஆள் முங்கிய இடத்தில் இன்று முட்டளவு தண்ணீர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் விடியற்காலை வற்றத்தில் கல்மேல் ஏறிப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அலை வெள்ளையாக உடைந்தால் அடியில் மணல்மேடு. உடையாமல் கறுத்துக் கிடந்தால் ஆழம்.

வலை இழுத்துத் திரும்பும்போது நீ போன் செய்வாய்.

"எக்கா, இன்னைக்கு எந்தப் பக்கமாக்கும்?"

"தெக்க வா. வடக்க மண்ணு ஏறிக் கெடக்கு."

"கரையில நிக்கிற கேப்டன் சொன்னா கேக்கணுமே!"

படகில் எல்லோரும் சிரிப்பது கேட்கும். "போலேய், வந்து கஞ்சி குடி" என்பேன்.

அன்று அமாவாசைக்கு மறுநாள். கடல் பலமாக இழுக்கும் நாள். மணல் இடம் மாறாமல் இருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கல்மேல் ஏறவில்லை. கிழக்கேகோட்டைச் சந்தையில் மீன் சருவத்தை இறக்கும்போது உன் போன் வந்தது. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. "வடக்குக் கல்லோரமா வா" என்றேன். முந்தின நாள் அதுதான் வழி.

"செரி கேப்டனே" என்றாய்.

படகு மேட்டில் தட்டி நின்றது. பின்னால் வந்த அலை கவிழ்த்துப் போட்டது. மற்ற மூன்று பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். நீ கல்லுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாய்.

ஊரே அந்தக் கல்லைக் குற்றம் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்து கத்தினேன். கல்லும் குற்றம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

உன் கூட்டாளிகள் இப்போதும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். "நீங்க பாத்தப்போ சரியாத்தான் இருந்திருக்கும் அக்கா, அதுக்குப் பெறகு மண்ணு மாறியிருக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார்கள். மழையானாலும் காய்ச்சலானாலும் தினமும் கல்மேல் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கு வழி சொல்கிறேன்.

படகு தட்டி நின்ற அந்த நொடியில், அக்கா பார்க்காமல் சொல்லிவிட்டாள் என்று உனக்குத் தெரிந்துவிட்டதா?