ரேஷன் ஸ்டோருக்குப் போனவன்

செவ்வாய்க்கிழமை, கே.கே. நகர்

ராணுவத்திலிருந்து லீவில் வந்த நான் இன்று ஸ்ரீரங்கம் போய் ராகவனைப் பார்த்தேன். ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் எவன் திருட்டுத்தனமாகப் புகுந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். நான் பயிற்சி கொடுத்தவர்களில் அவனைப் போல் இன்னொருவன் இல்லை. எல்லோரும் எல்லா வேலையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவனை அரிசி, பருப்புக் கணக்குப் பார்க்க ராணுவ ரேஷன் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது ராணுவத்தை விட்டு பெங்களூர் கம்பெனிக்குப் போகிறான்.

"இருப்பா, பழைய இடத்துக்கே மாத்தச் சொல்லி மேஜர்கிட்ட பேசறேன்" என்றேன்.

அவன் மனைவிதான் பேசினாள். "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க சார். உங்க பேச்சை அங்க யாரு கேட்டாங்க?"

காபியைக் குடிக்காமல் எழுந்தேன். வாசல் வரை வந்தவன், "உங்க மேல கோபமில்லை சார்" என்றான். கோபப்பட்டிருந்தாலே தேவலை.

சாயங்காலம் மேஜர் போன் செய்தார். ராகவன் இனி திரும்பி வர மாட்டான் என்றேன்.

"போறவன் போகட்டும். அடுத்த பேட்ச் வருது, நீங்க ட்ரெயின் பண்ணுங்க."

பயிற்சி முடிந்ததும் அவர்களை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம்."

"சரி சார்" என்றேன். ராணுவம் எனக்குக் கொடுத்த பயிற்சியில் இன்னும் வீணாகாமல் இருப்பது அந்த இரண்டு வார்த்தைதான்.