மணிக்கட்டும் வலது காதும்

மிஸி,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துடைத்தபோது ரோனியோ மெசினில் படியெடுத்த ஒரு தாள் அகப்பட்டது. எழுத்துப் பிழைகளுக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள் இன்னும் மங்கவில்லை. அடிபட்டும் மனமுடைந்தும் வரும் பெண்களின் பேச்சை எப்படிக் கேட்பது என்று, போர்க்காலத்தில் பல்கலைக்கழகத்தார் கண்டியில் நடத்திய சனிக்கிழமைப் பயிற்சியில் தந்த தாள். ஆசிரியை நான், தாதி நீங்கள். இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு முன்பே என் ரகசியம் ஒன்று உங்களிடம் இருந்தது. தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தின்போது அயலவர் வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருந்தோம். அங்கே வைத்துத்தான் என் கணவர் என் மணிக்கட்டை முறுக்கினார். தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு நின்றதால் நான் வாய் திறக்கவில்லை. பிறகு நீங்கள் கட்டுப் போட்டீர்கள். "கதவிலை நசிஞ்சது" என்றேன்.

"கதவுக்கு வெரல் இருக்குமா டீச்சர்?" என்றீர்கள். "பயப்படாதீங்க. என் வாயிலேருந்து வராது."

வகுப்பில் விரிவுரையாளர் அந்தத் தாளை வாசித்தார். ஒளிந்திருந்த இடத்திலும் கணவன் அடிக்க, வெளியே கேட்டுவிடும் என்று அழாமல் இருந்த ஒரு பெண்ணின் கதை. அடியில் அவளுக்கு வலது காது கேட்காமல் போனதாம். பயிற்சிக்கு வந்தவர்கள் தரும் கதைகளில் ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றுவோம் என்று அவர் முதலே சொல்லியிருந்தார். என் மணிக்கட்டைத்தான் காதாக மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்படியொன்று இன்னொருத்திக்கும் நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். "என்ரை கதையை ஏன் அவைக்குக் குடுத்தனீங்கள்?"

"ஒங்க கதைய நான் யாருக்கும் சொல்லல டீச்சர்."

"அப்ப அது ஆற்றை கதை? வேறை ஆருக்கு நடந்தது?"

நீங்கள் பதில் சொல்லாமல் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினீர்கள். குற்றமுள்ளவர்தான் பேசாமல் போவார் என்று முடிவு கட்டினேன். பதினொரு ஆண்டுகள் பேசவில்லை. என் கணவர் இறந்தபோது நீங்கள் எழுதிய கடிதத்தையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் செத்த வீட்டுக்கு நான் வந்தது ஊர் பேசும் என்பதற்காக. உங்கள் மகள்தான் தேநீர் தந்தாள். "அம்மாவுக்கு வலது காது கேக்காதுங்க டீச்சர். கலவரத்தப்போ காய்ச்சல் வந்து போச்சுன்னு சொல்லுவாங்க."

காய்ச்சல்! கதவு என்று சொன்னவளுக்கு அந்தப் பொய் தெரியாதா? வாங்கில் நீங்கள் எப்போதும் என் வலப்பக்கமே இருந்தீர்கள், நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று.

அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. "என்னைப் பற்றி அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

"ரொம்பக் கண்டிப்பானவங்கன்னு சொல்லுவாங்க. வேற ஒன்னும் சொன்னதில்ல."

அந்த முகத்தில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

அது என்னுடையது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீங்கள் என் பழியிலிருந்து தப்பியிருப்பீர்கள், மிஸி. முன்பின் அறியாத விரிவுரையாளரிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன். அன்று அந்தத் தரிப்பிடத்தில் நின்றவளிடம் யார்தான் சொல்வார்?

இரண்டு கதைகளையும் இப்போது நான் ஒருத்தியே வைத்திருக்கிறேன்.