விழுப்புரம் போய் வரும் தூரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐந்து மாதமாகக் காத்திருந்த மின்சாரக் கார் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். ஒரு சார்ஜில் 450 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம். அதே காரை வைத்திருக்கும் என் சிநேகிதர், திருவான்மியூர் முருகையனிடம் கேட்டேன்.

"இன்னா நைனா, அதெல்லாம் நம்பிக்கினு கீறே? ஏசி போட்டா இருநூத்தி எண்பதுதான்" என்று சிரித்தார்.

மயிலாப்பூரிலிருந்து உன் வீட்டு வாசல் வரை 168 கிலோமீட்டர். போய்வர 336. அன்றே திரும்ப முடியாது.

உனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். பெண் கொடுத்த வீட்டில் இரவு தங்கக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் இருட்டுவதற்குள் உன் அம்மாவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவேன். போன தடவை நீ கையசைக்காமல் உள்ளே போனதைப் பழைய காரின் கண்ணாடியில் பார்த்தேன்.

கணக்கைச் சொன்னதும் உன் அம்மா, "அப்பாடா! என் பேச்சைத்தான் கேக்கல, வண்டி பேச்சையாவது கேட்டீங்களே" என்றாள். எனக்கும் மனம் லேசாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ராத்திரி முழுக்க சார்ஜ் போட வேண்டும். வாசல் பக்கம் பிளக் இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

திண்டிவனத்தில் முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றித் தருகிறார்களாம். அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

மாற்றுத் துணியோடு வரும்
அப்பா